சாக் எண்ணிக்கையும் பாஸ் ரஷரின் பெருமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே கால்பந்து என்று சொல்வது அமெரிக்கக் கால்பந்தை, அதிலும் என்.எஃப்.எல். லீக்கை. அந்த லீக்கின் ஏட்டில் லாரன்ஸ் டெய்லரின் பெயருக்கு எதிரே 132.5 சாக் என்று இருக்கிறது. லெஸ்லி ஓநீலின் பெயருக்கு எதிரேயும் அதே 132.5தான். தடுப்பாட்டத்தில் இதுவரை வந்தவர்களிலேயே டெய்லர்தான் தலைசிறந்தவர் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். ஓநீலுக்கோ, மகத்தான வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இன்னும் இடம்கூடக் கிடைக்கவில்லை. எண் ஒன்றாக இருந்தும் மதிப்பு ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? கீழே உள்ள கேள்விகள் எல்லாம் இந்த முடிச்சைச் சுற்றியே வருகின்றன.

பாஸ் ரஷர் யார்? சாக் என்றால் என்ன?

எதிரணியின் குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரிடம் போய்ச் சேருவதுதான் பாஸ் ரஷரின் வேலை. வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்ட், அவருக்குப் பக்கத்தில் நிற்கும் அவுட்சைட் லைன்பேக்கர், நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள் ஆகிய மூவருமே இந்த வேலையைச் செய்வார்கள். எறியப் போன குவாட்டர்பேக்கை, அந்த நகர்வு தொடங்கிய கோட்டிலோ அதற்குப் பின்னாலோ மடக்கிவிட்டால் அது சாக். எதிரணிக்குச் சராசரியாக ஏழு கெஜம் இழப்பு, கூடவே பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் ஒன்றும் போச்சு.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: வாழ்நாள் சாக் எண்ணிக்கையை வைத்து ஒருவரின் பெருமையை முடிவு செய்யலாமா?

பெரிய எண்ணிக்கை பொய் சொல்லாது. 130, 140 சாக் எடுத்தவர் யாரும் அதிர்ஷ்டத்தால் அங்கே போய்ச் சேரவில்லை. ஆனால் இருவரை ஒப்பிடும்போது அந்த எண் சீக்கிரமே கைவிட்டுவிடும். வேலையை முடித்தவர் யார் என்பதை மட்டுமே சாக் பதிவு செய்கிறது. எதிரணிப் பயிற்சியாளர் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து திட்டம் போடும்போது யாருக்குப் பயந்து வரிசையை மாற்றினார் என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. பெருமையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு முனையில் ஒருவர் ரன்னே விடாமல் இறுக்கிப் போடுவார். பொறுமை இழந்த பேட்ஸ்மேன் மறுமுனையில் தூக்கி அடித்து அவுட் ஆவார். விக்கெட் யார் கணக்கில் போகும்?

சாக்கை யார், எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அரை சாக் எங்கிருந்து வருகிறது?

மைதானத்தில் இருக்கும் புள்ளிவிவரக் குழு முதலில் பதிவு செய்யும். பிறகு லீக்கின் அதிகாரபூர்வப் புள்ளிவிவர நிறுவனமான எலியாஸ் ஸ்போர்ட்ஸ் பியூரோ காட்சிகளைப் பார்த்துத் திருத்தும். ஞாயிற்றுக்கிழமை முழு சாக்காக இருந்தது வாரத்தின் நடுவில் அரையாகக் குறைவது இப்படித்தான்.

இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு 0.5. அதற்குக் கீழே பிரிப்பதில்லை. குவாட்டர்பேக் தானாகவே கோட்டுக்குப் பின்னால் எல்லையைத் தாண்டி ஓடினால், பக்கத்தில் துரத்தி வந்தவருக்கு சாக் போகும். ஸ்னாப்பில், அதாவது வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் தரும்போது, பந்து நழுவி ஆட்டம் குழம்பினால், தனிநபர் யாருக்கும் இல்லாமல் அணியின் கணக்கில் போய்விடுவதும் உண்டு.

கணக்கில் வராதவற்றைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ரஷர் நெருங்கிவிட்டதால் குவாட்டர்பேக் ஆளில்லாத இடத்தில் பந்தை வீசினால் அணிக்குத் தண்டனை விழும். ரஷருக்கு சாக் கிடைக்காது. குவாட்டர்பேக்கைக் காக்கும் எதிரணி டேக்கிள், தடுக்க முடியாமல் ரஷரின் சட்டையைப் பிடித்து இழுத்தால் பத்து கெஜத் தண்டனை. அது சாக்கின் சராசரி இழப்பைவிட அதிகம். ஆனாலும் ரஷரின் பெயருக்கு எதிரே ஒன்றும் ஏறாது. சாக் எடுத்த அதே நகர்வில் தன் அணியின் பின்வரிசை வீரர் ஒருவர் தவறு செய்து தண்டனைக் கொடி விழுந்தாலும் சாக் அழிந்துவிடும்.

1982க்கு முன் ஆடியவர்களின் கணக்கு ஏன் ஏட்டில் இல்லை?

தனிநபர் சாக் கணக்கை லீக் அதிகாரபூர்வமாக வைக்கத் தொடங்கியதே 1982ல்தான். டெய்லர் ஆட வந்தது 1981ல். அந்த முதல் வருஷம் அவர் எடுத்த 9.5 சாக் இந்தக் காரணத்தால் அதிகாரபூர்வ ஏட்டில் இல்லை. சேர்த்தால் அவருக்கு 142.

ஜான் டர்னி, நிக் வெப்ஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆட்டப் பதிவுகளையும் ஏடுகளையும் பல வருஷம் தோண்டி, 1960 முதல் 1981 வரைக்கும் கணக்கெடுத்தார்கள். அதை 2021ல் ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளம் தன் பக்கங்களில் சேர்த்தது. அதன்படி ராம்ஸ் அணியின் டீக்கன் ஜோன்ஸுக்கு 173.5. ப்ரூஸ் ஸ்மித், ரெஜி வைட் இருவரைத் தவிர வேறு யாரும் அவருக்கு மேலே இல்லை. அதிகாரபூர்வ ஏட்டிலோ அவருக்கு ஒன்றுமே கிடையாது. சாக் என்ற பெயரைப் பரப்பியவராகச் சொல்லப்படுபவரே அவர்தான் என்பதை நினைத்தால் மனசு பொறுக்கவில்லை. ஜாக் யங்பிளட்டுக்கு 151.5, ஆலன் பேஜுக்கு 148.5. டெட்ராய்ட் லயன்ஸின் ஆல் பேக்கர் 1978ல் புதுமுகமாக வந்து அந்த ஒரே சீசனில் 23 எடுத்தார்.

ஆகவே "எல்லாக் காலத்துக்குமான பட்டியல்" என்று யாராவது நீட்டினால், அது 1982லிருந்து தொடங்குகிறதா 1960லிருந்தா என்று முதலில் பாருங்கள்.

ப்ரூஸ் ஸ்மித் 200, ரெஜி வைட் 198. இரண்டு சாக் வித்தியாசம் எதையாவது நிரூபிக்கிறதா?

அந்த இரண்டு சாக்கை விடுங்கள். ஆட்ட எண்ணிக்கையைப் பாருங்கள். ஸ்மித் ஆடியது 279 ஆட்டம், வைட் 232. வகுத்துப் பார்த்தால் ஸ்மித்துக்கு ஆட்டத்துக்கு 0.72, வைட்டுக்கு 0.85. நீண்ட காலம் ஆடியவர்களில் இவ்வளவு உயரத்தில் நிற்பவர்கள் மிகக் குறைவு.

வைட் 1984, 1985 சீசன்களில் யு.எஸ்.எஃப்.எல். என்ற போட்டி லீக்கில் மெம்ஃபிஸ் அணிக்கு ஆடினார். அங்கே எடுத்த 23.5 சாக் என்.எஃப்.எல். கணக்கில் வராது. அந்த லீக்கில் முழு சீசன் ஆடிய களைப்போடு 1985 இலையுதிர் காலத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து, மிச்சம் இருந்த 13 ஆட்டத்தில் 13 சாக் எடுத்தார். 1987ல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் அவருக்குக் கிடைத்தது 12 ஆட்டம்தான். அதில் 21 சாக். ஈகிள்ஸ் அணிக்கு மொத்தம் 121 ஆட்டத்தில் 124. ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல், அதுவும் எட்டு சீசனுக்கு!

இத்தோடு நிறுத்தினால் ஸ்மித்துக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். ஸ்மித்தின் பஃபலோ அணி ஆடியது 3-4 அமைப்பு. முன்வரிசையில் மூன்றே பேர். அந்த அமைப்பில் எண்ட் என்பவர் முதலில் தனக்கு எதிரே நிற்கும் டேக்கிளை முட்டி நிறுத்தி, அவருக்கு இரு புறமும் உள்ள இடைவெளிகளைக் காக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குவாட்டர்பேக்கைத் தேடிப் போக முடியும். சாக்கெல்லாம் பொதுவாக வெளியே நிற்கும் லைன்பேக்கருக்குப் போகிற அமைப்பு அது. வைட் ஆடியதோ நான்கு பேர் முன்வரிசை. நேராகப் பாய விட்டார்கள்; பலவீனமான கார்டு (சென்டருக்குப் பக்கத்தில் நின்று தடுப்பவர்) எங்கே இருக்கிறாரோ அங்கே நகர்த்தி நிறுத்தவும் செய்தார்கள்.

இன்னொன்று: ஸ்மித்தின் பிரிவில்தான் மயாமியின் டேன் மரினோ இருந்தார். பந்தைக் கையில் வைத்திருக்கவே மாட்டார். 1988 சீசன் முழுக்க அறுநூறு தடவைக்கு மேல் எறிந்த மரினோ விழுந்தது ஆறே முறை. அப்படிப்பட்டவரை ஸ்மித் வருஷத்துக்கு இரண்டு முறை சந்தித்தார்.

கடைசி நான்கு வருஷம் வாஷிங்டனில் ஆடி ஸ்மித் எடுத்தது 29 சாக். அதுதான் மொத்தத்தை 200க்குக் கொண்டுபோனது. சராசரியைக் கீழே இழுத்ததும் அதுவே. பஃபலோ வருஷங்களை மட்டும் எடுத்தால் 217 ஆட்டத்தில் 171, அதாவது 0.79. எங்கள் தீர்ப்பு வைட் பக்கம்தான். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு 200, 198 என்ற எண்களிலிருந்து வந்து சேர முடியாது.

அப்படியானால் 132.5 மட்டுமே உள்ள லாரன்ஸ் டெய்லரை ஏன் எல்லோருக்கும் மேலே வைக்கிறார்கள்?

அவருக்காக எதிரணிகள் ஆட்டத்தையே மாற்றின.

1981க்கு முன் வெளியிலிருந்து பாய்ந்து வரும் லைன்பேக்கரை, பந்தோடு ஓடும் வீரரான ரன்னிங் பேக்கை வைத்துத் தடுப்பது வழக்கம். ரன்னிங் பேக்குக்கு எடை சுமார் 95 கிலோ. நியூயார்க் ஜயண்ட்ஸின் டெய்லர் அவர்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார். அந்த சீசனின் பிளேஆஃபில் (நாக்அவுட் சுற்றில்), 1982 ஜனவரி 3 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவின் பயிற்சியாளர் பில் வால்ஷ் தன் கார்டு ஜான் ஏயர்ஸை வரிசையிலிருந்து பின்வாங்கி ஓரத்துக்கு வரவைத்து டெய்லருக்கு எதிரே நிறுத்தினார். சான் ஃபிரான்சிஸ்கோ 38-24 என்று ஜெயித்தது. ஆனால் கார்டு வெளியே போனால் நடுவில் ஓட்டை விழும். எல்லா வாரமும் அப்படிச் செய்ய முடியாது. வாஷிங்டனின் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் நிரந்தர வழி தேடினார். ஒரு ரன்னிங் பேக்கையே அமைப்பிலிருந்து எடுத்துவிட்டு இரண்டாவது டைட் எண்டை (வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவரை) உள்ளே கொண்டுவந்தார். எறியும் கைக்குப் பின்பக்கத்தைக் காக்கும் இடது டேக்கிளுக்கு லீக்கில் தனி மதிப்பும் தனிச் சம்பளமும் ஏற ஆரம்பித்ததற்கும் டெய்லர் ஒரு பெரிய காரணம்.

இரண்டாவது டைட் எண்ட் தடுக்க நின்றால் பாஸ் பிடிக்க ஓடும் ஆள் ஒருவர் குறைகிறார். அந்த ஆட்டத்தில் டெய்லர் சாக் எடுக்காமலே போகலாம். பாஸ் பிடிக்க ஓடுபவர்களைப் பின்னால் நின்று காக்கும் கார்னர்பேக்குகளுக்கு வேலை எளிதாகிவிட்டதே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

தவிர, அவர் லைன்பேக்கர். எறிதல் நகர்வுகளில் ஒரு பங்கில் பாயாமல் பின்வாங்கி டைட் எண்டையோ ரன்னிங் பேக்கையோ காக்க வேண்டியிருந்தது. அங்கேயும் எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்து ஒன்பது இன்டர்செப்ஷன் எடுத்திருக்கிறார். அதில் ஒன்றை 1982 நன்றி நவிலல் நாளில் டெட்ராய்ட்டில் 97 கெஜம் ஓடி டச்டவுன் ஆக்கினார். 1986ல் 20.5 சாக்கோடு லீக்கின் எம்.வி.பி. (மிக மதிப்புமிக்க வீரர்) விருது. ஏ.பி. செய்தி நிறுவனம் வழங்கும் அந்த விருதைப் பெற்ற தடுப்பாட்டக்காரர்கள் இருவரே: 1971ல் ஆலன் பேஜ், 1986ல் டெய்லர்.

இதிலும் ஒரு நேர்மை வேண்டும். 1986ல் டெய்லரின் பிரிவில் இருந்த ஃபிலடெல்ஃபியாவின் முன்வரிசை அந்த ஒரே சீசனில் 104 சாக் விட்டுக்கொடுத்தது. அவர்களை வருஷத்துக்கு இரண்டு முறை எதிர்கொண்ட எல்லா ரஷருக்கும் அது லாபம், டெய்லருக்கும்தான். 20.5ஐப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லெஸ்லி ஓநீல் அப்படியென்றால் குறைந்தவரா?

இல்லை. சான் டியேகோவில் 1986ல் புதுமுகமாக வந்து 12.5 சாக் எடுத்தார். அந்த சீசனிலேயே முழங்கால் மோசமாகச் சிதைந்தது. 1987 முழுக்கப் போனது. அதிலிருந்து மீண்டு வந்து 132.5 எடுத்தவர் அவர். வாசலில் காத்திருக்கும் வரிசையில் அவர் பெயர் இன்னும் சத்தமாகச் சொல்லப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் அவருக்காக யாரும் ஒரு ரன்னிங் பேக்கை அமைப்பிலிருந்து எடுக்கவில்லை. டெய்லருக்கும் அவருக்கும் உள்ள தூரம் அதுதான்.

எல்லா சாக்கும் ஒரே தரமா?

இல்லவே இல்லை. ஏட்டில் எல்லாம் 1.0 தான். களத்தில் நடப்பது வேறு.

மூன்றாவது வாய்ப்பு, எட்டு கெஜம் தேவை என்று வைத்துக்கொள்வோம். வெளி ரஷர் ஒரு கையை ஊன்றி நிற்கிறார். ஸ்னாப் ஆனதும் முதல் மூன்று காலடியில் டேக்கிளின் வெளித்தோளைத் தாண்டப் பார்க்கிறார். டேக்கிள் பக்கவாட்டில் பின்வாங்கிக்கொண்டே இரண்டு கையையும் ரஷரின் நெஞ்சில் வைக்கப் பார்க்கிறார். அந்தக் கைகள் நெஞ்சில் பதிந்தால் ரஷரின் கதை முடிந்தது. அதனால் அவை நீளும் நேரத்தில் மணிக்கட்டில் வெட்டித் தட்ட வேண்டும். அரை நொடி முந்தினால் டேக்கிள் கையை இழுத்துக்கொள்வார், பிந்தினால் பிடி விழுந்துவிடும். தட்டிய கையோடு தோளைத் தாழ்த்தி, டேக்கிளின் அக்குளுக்குக் கீழே நுழைந்து, உடம்பைச் சாய்த்து வளைய வேண்டும். மொத்தமும் இரண்டரை நொடிக்குள். இப்படி ஒண்டிக்கு ஒண்டி ஜெயித்து எடுத்ததுதான் முதல்தர சாக்.

பின்வரிசை எல்லோரையும் அடைத்து நின்றதால் நான்கு, ஐந்து நொடி எறிய ஆள் கிடைக்காமல் தவித்த குவாட்டர்பேக்கை மெதுவாக வந்து பிடிப்பது இன்னொரு வகை. அதில் பாதிப் புகழ் கார்னர்பேக்குகளுக்கு உரியது. ஒருவர் துரத்த, குவாட்டர்பேக் ஓடி வந்து இன்னொருவரின் மடியில் விழுவதும் உண்டு. எண்ட் உள்ளே வெட்டி டேக்கிளையும் கார்டையும் சேர்த்து மோதி நிறுத்த, டிஃபென்சிவ் டேக்கிள் அவருக்குப் பின்னால் சுற்றி வந்து எடுக்கும் சாக்கில், மோதி வழிவிட்டவர் கணக்கில் பூஜ்யம். யாருமே தடுக்காமல் விட்டுப்போன இடைவெளியில் நேராக ஓடி எடுப்பதும் அதே 1.0.

ஒரு வீரரின் சீசனில் 12 சாக் இருந்தால் பன்னிரண்டையும் பார்த்து இந்த வகைகளில் பிரியுங்கள். பாதிக்கு மேல் முதல் வகையாக இருந்தால் அடுத்த சீசனிலும் எண் நிற்கும். கடைசி இரண்டு வகையாக இருந்தால் நம்பிப் பெரிய ஒப்பந்தம் கொடுக்கும் அணி வருத்தப்படும்.

ஒரே ஆட்டத்தில் ஏழு சாக் எடுத்தவர் யார்? அணி ஜெயித்ததா?

கான்சாஸ் சிட்டியின் டெரிக் தாமஸ், 1990 நவம்பர் 11, சியாட்டிலுக்கு எதிராக. அந்த ஆட்டத்தின் கடைசி நகர்வில் எட்டாவதுக்கும் கை போட்டுவிட்டார். குவாட்டர்பேக் டேவ் க்ரீக் அந்தப் பிடியிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்து, 25 கெஜத்தில் பால் ஸ்கான்சிக்கு டச்டவுன் எறிந்தார். சியாட்டில் 17-16. ஏழு சாக் இன்றைக்கும் அந்த ஏட்டில் இருக்கிறது. நழுவிப்போன எட்டாவதுதான் ஆட்டத்தை முடிவு செய்தது.

நடுவில் ஆடும் டிஃபென்சிவ் டேக்கிள்களை எப்படி ஒப்பிடுவது?

தனித் தராசு வேண்டும். வெளியே நிற்பவருக்கு ஓட இடம் இருக்கிறது. பெரும்பாலும் எதிரே ஒருவர்தான். நடுவில் நிற்பவரைக் கார்டும் சென்டரும் இரு பக்கமிருந்தும் அமுக்குவார்கள். ஆனால் நடுவிலிருந்து வரும் அழுத்தம் குவாட்டர்பேக்குக்கு அதிக ஆபத்து. வெளியிலிருந்து வருபவரைத் தவிர்க்க அவர் ஓர் எட்டு முன்னே வைத்தால் போதும். நடு உடைந்துவிட்டால் அந்த ஓர் எட்டு வைக்க இடம் இருக்காது.

ஆரன் டொனால்ட் பத்து சீசனில், 154 ஆட்டத்தில் 111 சாக் எடுத்து 2024ல் ஓய்வு பெற்றார். மொத்தப் பட்டியலில் அவருக்கு மேலே பலர் இருக்கிறார்கள். நடுவில் நின்று ஆட்டத்துக்கு 0.72 என்பது ப்ரூஸ் ஸ்மித்தின் வாழ்நாள் சராசரிக்குச் சமம். ஜான் ரேண்டல் 137.5 எடுத்ததும் நடுவில் நின்றுதான். கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை யாருமே எடுக்கவில்லை.

டொனால்டின் மிகப் புகழ்பெற்ற நகர்வு எது தெரியுமா? 2022 பிப்ரவரி 13, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். ராம்ஸ் 23-20 என்று முன்னிலை, ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. சின்சினாட்டி நான்காவது வாய்ப்பில், ஒரு கெஜம் தேவை. டொனால்ட் கார்டைத் தாண்டிப் போய் ஜோ பர்ரோவின் உடம்பைப் பிடித்துச் சுழற்றினார். சுழன்றுகொண்டே பர்ரோ தள்ளிவிட்ட பந்து தரையில் விழுந்தது. கோப்பை ராம்ஸுக்கு. ஏட்டில் அது "முழுமையாகாத பாஸ்". சாக் இல்லை.

பிரஷர், வின் ரேட் போன்ற புதிய கணக்குகள் சாக்கைவிட நல்லவையா?

ஒரு சீசனை எடைபோட, ஆம். முழுநேர வெளி ரஷர் ஒரு சீசனில் சுமார் 450 முதல் 500 தடவை பாய்வார். அதில் 12 சாக் என்றால் நாற்பது பாய்ச்சலுக்கு ஒன்று. மற்ற முப்பத்தொன்பதிலும் அவர் என்ன செய்தார் என்று சாக் எண்ணிக்கை சொல்லாது. பிரஷர் கணக்கு, எறியும் நேரத்தில் இடிப்பதையும் அவசரப்படுத்துவதையும் சேர்த்து எண்ணுகிறது. பொதுவாக ஐந்தாறு பிரஷருக்கு ஒரு சாக் விழும். பிரஷர் நிறைய, சாக் குறைவு என்று இருந்தால் அடுத்த வருஷம் சாக் ஏற வாய்ப்பு அதிகம். மறுபுறமும் அப்படியே.

ஈ.எஸ்.பி.என். வெளியிடும் பாஸ் ரஷ் வின் ரேட், வீரர்களின் தோள்பட்டைக் கவசத்தில் உள்ள சிப்பை வைத்து, இரண்டரை நொடிக்குள் ரஷர் தடுப்பவரை வென்றாரா என்று பார்க்கிறது. இரட்டைத் தடுப்பு எவ்வளவு வந்தது என்பதும் இதில் தெரியும்.

ஆனால் இரண்டுக்கும் வயசு குறைவு. பி.எஃப்.எஃப். நிறுவனத்தின் ஆட்டவாரிக் கணக்கு 2006லிருந்து. சிப் வந்ததோ அதற்கும் பிறகு. டெய்லரையோ வைட்டையோ இவற்றால் அளக்க முடியாது. பிரஷர் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் வேறு மாதிரி எண்ணுவதால், ஒருவரின் எண்ணை ஓரிடத்திலும் இன்னொருவரின் எண்ணை வேறிடத்திலும் எடுத்து ஒப்பிடக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

பக்கத்தில் நல்ல ஜோடி இருந்தால் சாக் கூடுமா?

கூடும். அணி முன்னிலையில் இருந்தாலும் கூடும், ஏனென்றால் பின்தங்கிய அணி எறிந்துகொண்டே இருக்கும். இண்டியனாபொலிஸில் ட்வைட் ஃப்ரீனி, ராபர்ட் மேத்திஸ் இருவருக்கும் இந்த இரண்டு வசதியும் இருந்தன. பேட்டன் மேனிங் புள்ளிகளைக் குவிப்பார். இவர்கள் இரு ஓரத்திலிருந்தும் பாய்வார்கள். ஃப்ரீனிக்கு மொத்தம் 125.5, மேத்திஸுக்கு 123. மேத்திஸ் ஃப்ரீனியின் நிழலில் வளர்ந்தவர் என்ற பேச்சு இருந்தது. 2012க்குப் பிறகு ஃப்ரீனி அணியை விட்டுப் போனார். 2013ல் மேத்திஸ் தனியாக நின்று 19.5 எடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். ஒருவரின் சொந்தச் சரக்கு என்ன என்று பார்க்க, ஜோடி பிரிந்த அடுத்த சீசனைப் பாருங்கள்.

வெவ்வேறு காலத்தவரை ஒப்பிடும்போது எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும்?

சீசனின் நீளம் முதலில். 1961 முதல் 1977 வரை 14 ஆட்டம், 1978லிருந்து 16, 2021லிருந்து 17. வேலைநிறுத்தத்தால் 1982ல் 9 ஆட்டம்தான். அந்த வருஷம் 7.5 எடுத்த டெய்லரை "பத்தைத் தொடவில்லை" என்று சொல்வது தவறு.

அடுத்து எறிதல். 1977ல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சுமார் 25 முறை எறிந்தது. இப்போது சுமார் 33. வாய்ப்பு கூடியிருக்கிறது. ஆனால் பந்து கையை விட்டுப் போகும் வேகமும் கூடிவிட்டதால், எறியப் போகும் நூறு தடவையில் சாக் ஆகும் பங்கு அந்தக் காலத்தைவிட இப்போது குறைவு.

விதிகளும் மாறின. டீக்கன் ஜோன்ஸின் ஆயுதம், தடுப்பவரின் தலைக்கவசத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையால் அறைவது. 1977ல் அது தடை செய்யப்பட்டது. 1978ல் தடுப்பவர்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்க அனுமதி கிடைத்தது. அதற்குப் பின் வந்த ரஷர்கள் எல்லோரும் கைச் சண்டை கற்றுத்தான் பிழைத்தார்கள்.

ஒரு சீசன் சாதனைகளை எவ்வளவு நம்பலாம்?

2001 சீசனின் கடைசி ஆட்டத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸின் மைக்கேல் ஸ்ட்ராஹனுக்கு, 1984லிருந்து நின்ற மார்க் காஸ்டினோவின் 22ஐ முறியடிக்க ஒரு சாக் வேண்டியிருந்தது. ப்ரெட் ஃபார்வ் அவர் பக்கமாக ஓடிவந்து தானாகவே தரையில் சரிந்தார். ஸ்ட்ராஹன் மேலே விழுந்து தொட்டார். 22.5. அந்த ஒன்றைக் கழித்தாலும் அவருடைய சீசன் மகத்தானது. வாழ்நாள் 141.5ம் யாரும் பரிசாகக் கொடுத்தது அல்ல. எண்ணை விடுங்கள், வேகத்தைப் பாருங்கள்: ஸ்ட்ராஹன் ஆட்டத்துக்கு 1.41. 2021ல் 15 ஆட்டத்தில் 22.5 எடுத்த டி.ஜே. வாட் 1.5. 1987ன் ரெஜி வைட் 1.75.

பிளேஆஃப் சாக் வாழ்நாள் எண்ணில் சேருமா?

சேராது, தனிக் கணக்கு. அதில் முதலிடம் வில்லி மெக்கினெஸ்ட், 16. வான் மில்லர் 2016 பிப்ரவரி சூப்பர் பவுலில் 2.5 சாக் எடுத்து, இரண்டு முறை பந்தைத் தட்டி உதறவைத்து எம்.வி.பி. ஆனார். அவருடைய வாழ்நாள் எண்ணில் இதில் ஒரு துளிகூட இல்லை.

ஹால் ஆஃப் ஃபேம் எந்த எண்ணைப் பார்க்கிறது?

எந்த எண்ணும் நுழைவுச்சீட்டு அல்ல. சார்ல்ஸ் ஹேலி 100.5 சாக்கும் ஐந்து சூப்பர் பவுல் வெற்றிகளும் வைத்துக்கொண்டு 2015ல் உள்ளே போனார். 160 சாக் எடுத்து அதிகாரபூர்வ ஏட்டில் மூன்றாம் இடத்தில் இருக்கும் கெவின் கிரீன் 1999 சீசனோடு ஆட்டத்தை விட்டவர். 2016 வரை காத்திருக்க வேண்டி வந்தது. 122 எடுத்த சிமியன் ரைஸ் இன்னும் வெளியே.

நானே ஒருவரை எடைபோட வேண்டும். எங்கே தொடங்குவது?

மொத்தத்தைப் பார்க்காமல் சீசன்வாரி அட்டவணையைத் திறங்கள். சாக்கை ஆடிய ஆட்டங்களால் வகுங்கள். 0.75க்கு மேல் பத்து வருஷம் நின்றவர் முதல் வரிசைக்காரர். டிமார்கஸ் வேர் 178 ஆட்டத்தில் 138.5 எடுத்தார், அதாவது 0.78. ஜூலியஸ் பெப்பர்ஸ் 266 ஆட்டத்தில் 159.5, அதாவது 0.60. பெப்பர்ஸின் பெருமை நீடித்து நின்றதிலும், முன்வரிசை ஆளாக இருந்து 11 இன்டர்செப்ஷன் எடுத்ததிலும் இருக்கிறது. வேரின் பெருமை வேகத்தில்.

பிறகு சிறந்த ஐந்து சீசனை மட்டும் கூட்டுங்கள். கடைசி வருஷங்களின் சரிவு இதில் கலக்காது. அதற்கடுத்து ஆட்டவாரியாகப் பாருங்கள்: 12 சாக்கில் ஏழு இரண்டே ஆட்டத்தில், அதுவும் மட்டமான முன்வரிசைக்கு எதிராக வந்ததா, இல்லை பத்து ஆட்டத்தில் பரவி வந்ததா? நின்ற இடம், அமைப்பு, ஜோடி, எதிரே வந்த குவாட்டர்பேக்குகள் ஆகியவற்றை அதன் பிறகு பொருத்துங்கள்.

காட்சியைப் பார்க்கும்போது கண் எங்கே இருக்க வேண்டும்?

பந்தின் மேல் வேண்டாம். ஸ்னாப்புக்கு முன் ரஷர் நிற்கும் பக்கத்தைப் பாருங்கள். டைட் எண்ட் அந்தப் பக்கம் நகர்ந்து வந்தாரா? ரன்னிங் பேக் அந்தத் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாரா? ஸ்னாப் ஆனதும் அவர் பாஸ் பிடிக்க ஓடும் வழியில் ரஷரை ஓர் இடி இடித்துவிட்டுப் போகிறாரா? சென்டரின் முதல் எட்டு எந்தப் பக்கம்? இந்த நான்கையும் ஒரு தாளில் கோடு போட்டுக் குறியுங்கள். முப்பது ஸ்னாப்பில் இருபது கோடு ஒரே ஆள் பக்கம் விழுந்திருந்தால், அன்றைய ஏட்டில் அவருக்கு எதிரே பூஜ்யம் இருந்தாலும் கவலைப்படாதீர்கள். மறு ஓரத்தில் இரண்டு சாக் எடுத்தவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர் அன்று தனி ஒருவரை மட்டுமே எதிர்த்திருப்பார்.